மரத்துக்கு எடுத்த அளவு

சம்பந்திக்கும் சம்பந்திக்கும் மனத்தாங்கல் வர எத்தனையோ இடம் இருக்கிறது. கல்யாண மண்டபம் இருக்கிறது, சாப்பாட்டு மேசை இருக்கிறது, பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன வீட்டின் சமையலறை இருக்கிறது. ஆனால் தரையிலிருந்து முப்பதடி உயரத்தில், தலையில் ஹெல்மெட்டும் இடுப்பில் பட்டையுமாக, ஆளுக்கொரு கயிற்றில் தொங்கும்போது வரும் என்று யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கர்ட்டன் அக்காவுக்கு அங்கேதான் வந்தது. போனதும் அங்கேதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கயிறு வாங்கவேண்டியிருந்தது.

கர்ட்டன் அக்கா என்பது மரம் ஏறுகிறவர்கள் வைத்த பெயர். கடைத்தெருக் கோடியில், மாடியறை ஒன்றில், ஜன்னல் திரை தைப்பது அவள் தொழில். தையல் மெஷின் இரண்டு, துணியை விரித்துப் போட ஒரு நீள மேசை, சுவரெல்லாம் சாய்த்து வைத்த திரைக்கம்பிகள். கழுத்தில் டேப் இல்லாமல் அவளை வீட்டுக்காரரே பார்த்ததில்லை. பல் டாக்டர் ஒருவருடைய கிளினிக்குக்குத் திரை போட அளவெடுக்கப் போனபோதுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. சுவரில் ஒரு போட்டோ. யாரோ ஒரு ஆள் பெரிய மரத்தின் உச்சிக் கவட்டையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இது யாரு டாக்டர், உங்க தம்பியா?"

"நான்தான்."

"அங்க என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. அதுக்குத்தான் ஏறுறது."

அதற்கு எத்தனை வயதுக்குள் இருக்கவேண்டும் என்று அவள் கேட்டாள். வயதெல்லாம் கணக்கில்லை, சொந்தப் பல் இருந்தால் போதும் என்றார் டாக்டர். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவள், டாக்டரும் அவர் கூட்டாளிகளும் ஏறுகிற, பூங்காவின் பின்பக்கத்துப் பெரிய மரத்தடியில் போய் நின்றாள். முதல் நாள் தரையை விட்டு ஆளுயரம் எழும்பினாள். இறங்கி வந்து அன்று முழுவதும் கால் தரையில் பாவவில்லை. சுவரில் கம்பி அடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரை நிறுத்தி நிறுத்தி அதையே சொன்னாள். அவர் ஆணியை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். மகள் வீட்டில் சம்பந்தியம்மாவிடமும் சொல்லிவிட்டாள். பெருமைக்குச் சொன்னதுதான். அடுத்த வாரம் மரத்தடிக்குப் போனால் அங்கே சம்பந்தியம்மா பேன்ட் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

சம்பந்தியம்மா லேசுப்பட்ட ஆள் இல்லை. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். வாரம் ஐந்து நாள் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளின் கூச்சலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சந்து பொந்தெல்லாம் நுழைந்து வருகிறவர். மற்ற இரண்டு நாளும் பஸ் அவர் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும். விடுமுறை நாளில் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று சபதம். மரத்தடிக்குக்கூட நடந்துதான் வருவார். அப்படி வந்து, கர்ட்டன் அக்கா மூன்று வாரத்தில் கற்றதை அவர் இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டார். கர்ட்டன் அக்கா வாயெல்லாம் பல்லாக, "எவ்வளவு சீக்கிரம் வந்துடுச்சு சம்பந்தி உங்களுக்கு" என்றாள். அன்றைக்கு வீட்டில் பாத்திரம் கொஞ்சம் சத்தமாகவே கழுவப்பட்டது.

இப்படி இருக்கும்போதுதான் டாக்டர் அந்த அறிவிப்பைச் செய்தார். மாதக் கடைசியில் பெருமரக் காட்டுக்குப் போகிறார்கள். அங்கே மரங்கள் இந்த மரத்தைப்போல மூன்று பங்கு. உச்சியில் துணித்தொட்டில் கட்டி, ராத்திரி அதிலேயே தூக்கம். ஒரே ஒரு இடம்தான் பாக்கி. தேர்வில் தேறாதவர்கள் வரமுடியாது. வருகிற ஞாயிறு தேர்வு. தேறாமல் மிச்சமிருந்தது கர்ட்டன் அக்காவும் சம்பந்தியம்மாவும்தான்.

"ரெண்டு பேரும் தேறிட்டா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவங்க சொந்தக்காரங்க. அவங்களுக்குள்ள பேசிப்பாங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார்.

அந்த நிமிஷமே ஆரம்பித்தது. நீங்க போங்க சம்பந்தி என்றாள் இவள். அதெப்படி, நீங்கதானே முதல்ல சேர்ந்தது, நீங்க போங்க என்றார் அவர். எனக்குக் கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றாள் இவள். எனக்கு முதுகுவலி என்றார் அவர். பூங்கா வாசல் வரைக்கும் இப்படியே ஒருவரை ஒருவர் காட்டுக்கு அனுப்பிக்கொண்டே போனார்கள்.

உள்ளே கர்ட்டன் அக்காவுக்கு எப்படி இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். ஊரில் உள்ள ஜன்னலுக்கெல்லாம் மேலேயிருந்து துணியைத் தொங்கவிட்டவள் அவள். காற்று அடிக்கும்போது அது எப்படி உப்பி, எப்படி அமுங்கி, எப்படி ஒரு பக்கம் ஒதுங்கும் என்று மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு ராத்திரி அந்தத் துணிக்குள் தான் கிடந்து ஆடவேண்டும். வேறொன்றும் வேண்டாம். இதை யாரிடம் சொல்வது? மகளிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தாள். மகள் முந்திக்கொண்டாள்.

"அம்மா, அத்தையும் நீயும் ஒரே இடத்துக்குப் போட்டியாமே."

"போட்டியா? யாரு சொன்னது? நான் அவங்களைத்தான் போகச் சொல்லிட்டிருக்கேன்."

"அப்படியே சொல்லிட்டிரு. அத்தைக்கு ஆசைன்னா விட்டுக்குடுத்துடு. நான் அவங்க முகத்துல முழிக்கணும்."

கர்ட்டன் அக்கா சரி என்றாள். சொன்ன பிறகு ஒரு திரையின் தலைப்பில் வளையத்தைத் தலைகீழாகத் தைத்துவிட்டு, பிரித்து மறுபடி தைத்தாள்.

தேர்வுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அவரவர் லேன்யார்டை அவரவர் வாங்கி வரவேண்டும். இதுவரை எல்லாருக்கும் பொதுவாகக் கிடந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டது போதும். லேன்யார்டு என்றால் குட்டைக் கயிறு. பெரிய கயிறு ஒரு கிளைக்கு மேலே ஏறித் திரும்பி வந்து ஆளைத் தாங்கும். அந்தக் கிளையையும் தாண்டி மேலே போகவேண்டுமானால், பெரிய கயிற்றை அவிழ்த்து அடுத்த கிளைக்கு மாற்றவேண்டும். மாற்றுகிற நேரத்தில் ஆள் எதில் இருப்பது? அதற்குத்தான் இது. இடுப்புப்பட்டையின் ஒரு பக்க வளையத்தில் தொடங்கி, மரத்தைச் சுற்றிக்கொண்டு, மறுபக்க வளையத்தில் வந்து பூட்டிக்கொள்ளும். அதைப் போட்டு, அதில் சாய்ந்து, தாங்குகிறது என்று முதுகுக்கும் தெரிந்த பிறகுதான் பெரிய கயிற்றில் கை வைக்கலாம். ஒன்றை மாட்டாமல் ஒன்றைக் கழற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிச் சொல்லி, கர்ட்டன் அக்கா வீட்டில் திரை மாற்றும்போதுகூடப் புதியதை மாட்டிவிட்டுத்தான் பழையதைக் கழற்றினாள்.

கயிறு வாங்கச் சேர்ந்தே போவோம் என்றார் சம்பந்தியம்மா. வேண்டாம் என்று சொல்ல முடியுமா? போனார்கள்.

மலையேறுகிறவர்களுக்கும் மரமேறுகிறவர்களுக்கும் சாமான் விற்கிற கடை அது. உள்ளே நுழைந்தால் புதுக்கயிற்று வாசனை. கலர் கலராகக் கயிறு, சரம் சரமாகக் கொக்கி. கடைக்காரர் பெரிய மீசைக்காரர். அவர் எந்த மரத்தில் ஏறுவார் என்று சம்பந்தியம்மா விசாரித்தார். மேல் தட்டில் சாமான் எடுக்க ஸ்டூலில் ஏறினாலே தனக்குத் தலை சுற்றும், இத்தனை வருஷமாக விற்பதோடு சரி என்றார் அவர். சம்பந்திகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கணத்திலேயே, இவர் சொல்வதில் பாதியைத்தான் கேட்பது என்று இருவரும் தனித்தனியாக முடிவு செய்துவிட்டார்கள்.

சம்பந்தியம்மா நேராக, உள்ளே இரும்புக் கம்பி ஓடுகிற கயிற்றை எடுத்தார். பிரேக் ஒயர் மாதிரி இருக்கிறது, இதுதான் உறுதி என்றார். அது மேலே ரம்பம் கொண்டுபோய் வெட்டுகிறவர்களுக்கு, ரம்பம் தப்பிப் பட்டாலும் சட்டென்று அறுந்துவிடாமல் இருக்க என்றார் மீசைக்காரர். சும்மா ஏறி உட்காருகிறவர்களுக்கு எதற்கு அந்தக் கனம். சம்பந்தியம்மா கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினார். கர்ட்டன் அக்கா பார்த்தது வேறு. கயிற்றின் முனையை மடித்து வளையமாகத் தைத்திருந்த இடத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தையலின் மேல் நகத்தை ஓட்டினாள். வெள்ளைக் கயிற்றில் கறுப்பு நூல் ஏன் என்று கேட்டாள். நூல் தேய்ந்தால் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக என்றார் கடைக்காரர். அவளுக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. அளவைக் கூட்டிக் குறைக்க நகரும் முடிச்சா, உலோகப் பிடியா என்று அவர் கேட்டதற்கு, இருவரும் முடிச்சு என்றார்கள். கொக்கி தானாகப் பூட்டிக்கொள்வதாக இருக்கட்டும் என்றார்கள். எல்லாவற்றிலும் ஒற்றுமை. நீளம் வந்தது.

"பன்னெண்டு அடி எடுத்துக்குங்க. பெரும்பாலும் எல்லாருக்கும் சரியா இருக்கும்" என்றார் மீசைக்காரர்.

"நீங்க சொல்லுங்க சம்பந்தி" என்றாள் கர்ட்டன் அக்கா.

"நீங்கதானே அளவு பாக்கிறவங்க. நீங்க சொல்லுங்க" என்றார் சம்பந்தியம்மா.

அளவு அவள் மடியில்தான் இருந்தது. விடிந்தும் விடியாததுமாக அவள் பூங்காவுக்குப் போய், ஒருவரும் பார்க்காத நேரம் பார்த்து, மரத்தைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு எடுத்திருந்தாள். கழுத்து டேப் எட்டாமல், சாக்பீஸால் மரப்பட்டையில் கோடு போட்டு, அங்கிருந்து மறுபடி பிடித்து எடுத்த அளவு. எட்டடி. அதற்குமேல் கணக்கை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஜன்னல் ஐந்தடி என்றால் யாராவது ஐந்தடித் துணி எடுப்பார்களா? மடிப்பு எங்கிருந்து வரும்? அகலத்துக்கு இரண்டு மடங்கு. இத்தனை வருஷத்தில் எந்த ஜன்னலும் அவளைக் கைவிட்டதில்லை.

"எனக்குப் பதினாறு" என்றாள்.

மீசைக்காரரின் புருவம் ஏறியது. அவர் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மா, "எனக்கு ஆறு போதும்" என்றார்.

புருவம் இறங்கவே இல்லை. இரண்டு பேரும் ஒரே மரத்தில்தான் ஏறுகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். அவர் இன்னொரு முறை பன்னிரண்டு என்று சொல்லிப் பார்த்தார். ஸ்டூலில் தலைசுற்றுகிறவர் சொன்னதை யார் கேட்பார்கள்? ஆரஞ்சு நிறத்தில் பச்சைப் புள்ளி போட்டது பதினாறடி இவளுக்கு. மஞ்சள் ஆறடி அவருக்கு. சம்பந்தியம்மாவின் ஆறடியைப் பார்த்துக் கர்ட்டன் அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்ததுதான். மரமே எட்டடி ஆயிற்றே. ஆனால் சம்பந்தியின் கணக்கைத் திருத்துவது மரியாதையில்லை. அதோடு, உண்மையைச் சொன்னால், சந்தேகத்துக்குப் பின்னாலேயே ஒரு சின்னச் சந்தோஷமும் வந்து எட்டிப் பார்த்தது. கயிற்றோடு சேர்த்து அந்த இரண்டையும் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. மரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய கயிறு. நடுவில் டாக்டர், அண்ணாந்து பார்த்தபடி. முதல் கவட்டையில் லேன்யார்டு போட்டுக் கயிற்றை மாற்றவேண்டும். அங்கிருந்து இரண்டாவது கவட்டை. அங்கே மறுபடி மாற்றவேண்டும். பிறகு உச்சி. உச்சியில் உட்கார்ந்து காலை ஆட்டினால் தேறிவிட்டதாக அர்த்தம்.

"ஒண்ணுமே தெரியாது பாருங்க. ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றார் டாக்டர். பல் பிடுங்குவதற்கு முன்னும் இதையேதான் சொல்வார். கர்ட்டன் அக்கா இடுப்புப்பட்டையை மூன்றாவது தடவை இழுத்துப் பார்த்தாள்.

ஆனால் ஏற ஆரம்பித்ததும் பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கயிற்றைக் காலால் மிதித்து, நிமிர்ந்து, முடிச்சை மேலே தள்ளி, உட்கார்ந்து, மறுபடி மிதித்து. ஒவ்வொரு எழும்பலுக்கும் பூங்கா ஒரு படி சின்னதாகியது. வீட்டுக்காரர் கீழே கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் சம்பந்தியம்மா. நடுவில் மரம். மூச்சிரைக்கிற சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது.

முதல் கவட்டை வந்தது. கர்ட்டன் அக்கா ஆரஞ்சுக் கயிற்றின் முனையை ஆட்டி, மரத்தைச் சுற்றி வீசினாள். பதினாறடி! அது மரத்தைச் சுற்றிப் போய், அந்தப் பக்கத்தில் சம்பந்தியம்மாவின் ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டி, திரும்பி வந்து இவள் முழங்காலில் சுற்றிக்கொண்டது.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி."

"பரவாயில்ல சம்பந்தி, ஹெல்மெட் எதுக்கு இருக்கு."

முழங்காலை விடுவித்து, கொக்கியை வளையத்தில் பூட்டி, முடிச்சைத் தள்ளித் தள்ளிக் கயிற்றைக் குறைத்தாள். குறைக்கக் குறைக்க வால் நீண்டது. பாதத்தையும் தாண்டி முந்தானை மாதிரி அது தொங்க, கீழே இருந்து டாக்டர், இது யார் வீட்டு ஜன்னலுக்கு என்று கேட்டார். ஆனாலும் கயிறு தாங்கியது. சாய்ந்து பார்த்தாள். முதுகுக்குத் தெரிந்தது. பெரிய கயிற்றை அவிழ்த்து, மணல் பையைக் கட்டிய நூலை மேல்கிளைக்கு எறிந்தாள். முதல் எறியிலேயே கிளையைத் தாண்டி விழுந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நூலோடு கயிற்றை மேலே இழுத்துக் கட்டி, அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், மரத்துக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

எட்டிப் பார்த்தாள். சம்பந்தியம்மா மரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் கயிறு மரத்தைச் சுற்றி வந்து, கொக்கி அவருடைய இடுப்பு வளையத்துக்கு எட்டாமல், ஒரு கை நீளத்துக்கு அப்பாலேயே நின்றது. வயிற்றை உள்ளே இழுத்தார். கன்னத்தைப் பட்டையில் வைத்து அழுத்தினார். எட்டவில்லை.

"எப்படி சம்பந்தி ஆறடின்னு எடுத்தீங்க?"

"பஸ்ஸுல இந்தப் பக்கம் போகும்போது கண்ணாலயே பார்த்தேன். மரம் மூணடி அகலம். போக மூணு, வர மூணு" என்றார் சம்பந்தியம்மா மரத்தோடு ஒட்டிய வாயால். "சுத்தி வரும்னு தோணவே இல்ல."

கீழே இருந்து டாக்டர் நிலைமையைப் புரிந்துகொண்டார். லேன்யார்டு சேரவில்லையென்றால் பெரிய கயிற்றைத் தொடக்கூடாது, அப்படியே இறங்கி வந்துவிடுங்கள், அடுத்த தேர்வு காட்டுக்குப் போய்வந்த பிறகு என்று குரல் கொடுத்தார்.

ஆக, முடிந்தது. இடம் கர்ட்டன் அக்காவுக்கு. விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை, மகள் கேட்டால், நான் என்னடி செய்வேன், கயிறு எட்டவில்லை என்று சொல்லிவிடலாம். உள்ளுக்குள் ஒரு துணித்தொட்டில் உப்பிக்கொண்டு எழுந்தது. அதே நேரத்தில் ஒரு கோபமும் எழுந்தது. மூன்று வாரத்துப் பாடத்தை இரண்டு வாரத்தில் படிக்கத் தெரிந்தவருக்கு, ஒரு மரம் உருண்டை என்பது தெரியாதா? இப்படி வந்து மாட்டிக்கொண்டு முழித்தால் பார்க்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

"நீங்க போங்க சம்பந்தி. எனக்கு முதுகு வேற வலிக்குது. நான் இறங்கிடறேன்" என்றார் சம்பந்தியம்மா.

சொல்லிவிட்டு அவர் இறங்கவில்லை. தலையைத் தூக்கி உச்சியைப் பார்த்தார். அந்தப் பார்வை கர்ட்டன் அக்காவுக்குத் தெரியும். வாங்க முடியாத துணியை, கடைக்காரன் மடித்து வைக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்கிற பார்வை. அந்தக் குரலும் தெரியும். கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று சொன்னபோது அவளுடைய தொண்டையிலிருந்து வந்த அதே குரல்.

பெரிய கயிற்றில் இன்னொரு முறை உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். தாங்கியது. ஆரஞ்சுக் கயிற்றை இடுப்பிலிருந்து கழற்றி, சுருட்டி, மரத்தைச் சுற்றி நீட்டினாள்.

"பிடிங்க. உங்களுதை இப்படிக் குடுங்க."

"உங்களுக்கு?"

"மேல போகப்போக மரம் ஒல்லியாத்தானே இருக்கும். அங்க எனக்கு இது போதும்."

சம்பந்தியம்மா மஞ்சளைக் கொடுத்தார். பிறகு நீட்டிய கையிலிருந்து ஆரஞ்சை வாங்கிக்கொண்டார். கீழே டாக்டரிடம், இது செல்லுமா என்று கேட்டார்கள். டாக்டர் யோசித்தார். ஆள் கட்டியிருக்கவேண்டும் என்றுதான் விதி, யாருடைய கயிற்றில் என்று விதியில் இல்லை என்றார்.

பிறகு நடந்ததைச் சொல்லி மாளாது. இரண்டாவது கவட்டையில் மரம் தலையணைப் பருமன்தான். சம்பந்தியம்மாவின் ஆறடி கர்ட்டன் அக்காவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் வந்து பூட்டிக்கொண்டது. பதினாறடியோ சம்பந்தியம்மாவை என்ன செய்வதென்று தெரியாமல், மரத்தை இரண்டு சுற்று சுற்றியும் மிச்சமாகி, அவர் தோளில் மாலையாகக் கிடந்தது. இப்படியே கிளம்பினால் நேராகக் கல்யாண மேடைக்கே போகலாம் என்றாள் கர்ட்டன் அக்கா. சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் மணல் பை குறி தவறிப் பூங்காவின் பெஞ்சில் போய் விழுந்தது. மறுபடி இழுத்து, மறுபடி எறிந்து, மறுபடி சிரித்து, ஒருவழியாக உச்சிக் கவட்டைக்கு வந்து, அவரவர் கயிற்றில் கட்டுண்டபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். காலை ஆட்டினார்கள்.

இலைக்கு மேலே காற்று இருந்தது. மேலே அவ்வளவு காற்று இருப்பதாகக் கீழே யாருமே சொல்லவில்லை. மரம் மெதுவாக ஒரு பக்கம் போய், யோசித்து, திரும்பி வந்தது. அவளுடைய மாடியறை ஜன்னல் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. அதில் அவள் தைத்த திரை உப்பிக்கொண்டிருந்தது. கர்ட்டன் அக்காவுக்குக் கள் குடித்தவள் மாதிரி இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"சம்பந்தி, எனக்குக் கடையில வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்குக் காட்டுக்குப் போகணும். சொல்லிட்டேன்."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகளின் முகம் கண்முன் வந்து போனது. சம்பந்தியம்மா காலை ஆட்டுவதை நிறுத்தினார். பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா. எனக்கு முதுகுவலியும் இல்ல."

"இல்லையா?"

"பஸ் சீட்டுல உக்காந்து உக்காந்து இரும்பாப் போன முதுகு இது. எனக்கும் போகணும். ராத்திரியெல்லாம் கனவுல அந்தத் தொட்டில்தான். எம் பையன் போன் பண்ணி, அம்மா, அத்தைக்கு ஆசைன்னா விட்டுக்குடுத்துடு, நான் இங்க பொண்டாட்டி முகத்துல முழிக்கணும்னான்."

கர்ட்டன் அக்கா அவரைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்த்தார். ஒரே வீட்டில், ஒரே சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு அம்மாவை அடக்கியிருக்கிறார்கள். அதற்கப்புறம் பேச்சு எங்கே வந்தது? இரண்டு பேரும் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் இலை உதிர்ந்தது. கீழே வீட்டுக்காரர் கண்ணைத் திறந்துவிட்டு, உடனே மறுபடி மூடிக்கொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்பந்தியம்மாதான் கேட்டார். இத்தனை நாளாக யாரும் கேட்காத கேள்வி.

"ஆமா, ஏன் ஒரே ஒரு இடம்? காட்டுல மரம் இல்லையா?"

கர்ட்டன் அக்காவுக்கும் தெரியவில்லை. நீங்க போங்க, நீங்க போங்க என்று சொல்லிக்கொண்டிருந்ததில் அதை யார் யோசித்தார்கள்? கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள். டாக்டர் கையைக் குவித்துப் பதில் சொன்னார்.

"வேன்ல சீட் அவ்வளவுதான்."

சம்பந்தியம்மா குனிந்து கீழே பார்த்தார். மரம் ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது.

"டாக்டர், என்கிட்ட ஒரு பஸ்ஸே இருக்கு" என்றார்.

"அது ஸ்கூல் பஸ் இல்லையா அக்கா?" என்று கீழேயிருந்து கேட்டார் டாக்டர்.

"ஸ்கூலுக்கு ஓட்டறேன். பஸ் என்னோடது. சனி ஞாயிறு எங்க வீட்டு வாசலை அடைச்சுக்கிட்டு சும்மாத்தான் நிக்குது."

டாக்டர் வாயைத் திறந்தபடி நின்றார். பல் டாக்டரின் வாய்க்குள் எத்தனை பல் என்று உச்சியிலிருந்தே எண்ணிவிடலாம் போலிருந்தது. ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்ற சபதம் என்ன ஆவது என்று கர்ட்டன் அக்கா கேட்டாள். அது மனுஷங்க ஊருக்குள்ள போறதுக்கு, காட்டுக்கு இல்ல என்றார் சம்பந்தியம்மா.

இறங்கின கையோடு, கயிற்றை மாற்றிக் கேட்க நேராகக் கடைக்குப் போனார்கள். ஒரே ஒரு மரம்தான் ஏறியிருந்தது, தையலும் நூலும் புதுசாகவே இருந்தது. என்றாலும் மேலே போய் வந்த கயிற்றைத் திரும்ப வாங்குவதில்லை என்றார் மீசைக்காரர். வேண்டாம், இதுவும் இருக்கட்டும், காட்டில் தடித்த மரமும் இருக்கும், ஒல்லி மரமும் இருக்கும் என்று சொல்லி, ஆளுக்கொரு பன்னிரண்டடி வாங்கிக்கொண்டார்கள். அவர் இரண்டையும் பையில் போட்டுக் கொடுத்தார். மீசை மட்டும் ஒரு பக்கமாகத் துடித்தது.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். விட்டுக்கொடுத்தாயா அம்மா என்று கேட்டாள்.

"குடுத்தேன். லேன்யார்டை."

"சீட்டை?"

"அதுக்கு அவசியமே வரலை. போனை வை, கையில வேலை இருக்கு."

வேலை இருந்தது. சம்பந்தியம்மா வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பஸ்ஸுக்குள், டேப்பும் கையுமாக ஒரு சீட்டின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள் கர்ட்டன் அக்கா. காடு வரைக்கும் நல்ல தூரம். ஜன்னலுக்கெல்லாம் வெயில் அடிக்குமே. டிரைவர் சீட்டில் திரும்பி உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னல் ரெண்டரை அடி இருக்கும், டேப்பே வேண்டாம் என்றார்.

"நீங்க பேசாம இருங்க சம்பந்தி" என்றாள் கர்ட்டன் அக்கா, டேப்பை இழுத்துப் பிடித்தபடி. "இது என் கணக்கு. ரெண்டு மடங்கு."